கடல் வழியாக வந்த ஆறு இருபது வண்டி

கோரைமுனை பஸ் ஸ்டாண்டில் இருபத்திரண்டு வருஷமாக டைம் கீப்பராக இருந்த இன்னாசிக்கு உலகத்தில் வண்டிகள் இரண்டே வகைதான், நேரத்துக்கு வந்தவை, நேரம் தவறி வந்தவை. அதனால் ஒரு வியாழக்கிழமை காலையில் கடலுக்குள்ளிருந்து ஒரு சிவப்பு பஸ் கிளம்பி வந்து, கரையேறி, மீன் ஏலம் போடுகிற இடத்தில் ஹாரன் அடித்து வழி கேட்டு, மாதா கோயில் முக்கில் டிரைவர் ஒழுங்காகக் கை காட்டித் திரும்பி, மூன்றாம் பிளாட்பாரத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து நின்றபோது, அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்து, நோட்டில் 'வந்த நேரம் 6.20' என்று எழுதிவிட்டு, ஐந்து நிமிஷம் லேட் என்று பல்லைக் கடித்தார். ஆறேகால் ராமநாதபுரம் வண்டி என்று நினைத்துக்கொண்டார். ஊரும் அதையேதான் நினைத்தது.

கோரைமுனைக்காரர்களுக்கு, நின்ற பஸ்ஸில் ஏறுவது என்றால் மானக்கேடு. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட வேண்டும், துண்டு விழுந்த சீட்டில் பிறகு கலெக்டரே வந்தாலும் உட்கார முடியாது, அதற்காக இந்த ஊரில் மண்டை உடைந்திருக்கிறது, கல்யாணம் நின்றிருக்கிறது. ஆகவே அன்றைக்கும் பஸ்ஸின் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருத்தரும் பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் அதில் கடற்பாசிதான் அப்பியிருந்தது. துண்டுகள் பறந்தன, கைக்குட்டைகள் பறந்தன, ஒரு குடை பறந்தது, ஒரு கட்டு முருங்கைக்காய் பறந்தது, யாரோ அவசரத்தில் செருப்பையே கழற்றி வீசினார்கள். கண்மூடித் திறப்பதற்குள் பன்னிரண்டு பேர் உள்ளே ஏறிவிட்டார்கள். அதில் ஒருத்தி இன்னாசியின் மனைவி பிரகாசி, தங்கச்சி மகளின் நிச்சயதார்த்தத்துக்காகப் பட்டுச்சேலை கட்டி வந்தவள். இன்னொருவன் வேலாயுதம், 'ராஜகாளி' என்ற தனியார் பஸ்ஸின் முதலாளி கோட்டைச்சாமியின் மாப்பிள்ளை. மாமனார் வண்டியில் போனால் டிக்கெட் எடுத்தவர்களுக்கு எழுந்து இடம் கொடுக்க வேண்டும் என்று அவன் எப்போதும் வேறு வண்டியில்தான் போவான்.

உள்ளே ஏற்கெனவே நாற்பத்தொரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். தன் மஞ்சள் பை ஓர் அம்மாளின் மடியில் கிடப்பதைப் பிரகாசி பார்த்தாள்.

"யக்கா, அது நான் பை போட்ட சீட்டு. கொஞ்சம் எந்திரிங்க."

தங்கரத்தினம் என்ற அந்த அம்மாள் பையையும் பிரகாசியையும் மாறி மாறிப் பார்த்தாள். "பிள்ளை, நாங்கள் கடலுக்கு அந்தப் பக்கமே ஏறி இருந்திட்டம். எண்டாலும் பரவாயில்லை, வாரும், நெருக்கி இருப்பம்."

அந்தப் பேச்சைக் கேட்ட பிறகுதான் இது ராமநாதபுரம் வண்டி இல்லை என்று பிரகாசிக்கு உறைத்தது. இறங்க எழுந்தாள். அதற்குள் சப்-இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து சேர்ந்துவிட்டார். "ஒருத்தரும் இறங்கக் கூடாது! எவன் கால் தரையில பட்டாலும் கேஸு!" என்று கத்தினார், கேஸ் என்ன பிரிவில் என்று அவருக்கே தெரியாது.

தாசில்தார் ஏகாம்பரம் வந்தார். டிரைவர் மார்க்கண்டு சீட்டைவிட்டு எழாமல் அவருக்கு நடந்ததைச் சொன்னார். கரம்பைத்துறையிலிருந்து சந்தைக்குப் போகிற வழக்கமான நடைதான் அது, பாதி வழியில் விமானம் வந்து குண்டு போட்டது, முன்னால் பார்த்தால் சந்தியைக் காணோம், பின்னால் பார்த்தால் றோட்டைக் காணோம், பக்கத்தில் கடல் மட்டும்தான் இருந்தது, உள்ளேயிருந்த எல்லாரும் "போங்கோ, போங்கோ" என்று கத்தினார்கள், அவர் போனார்.

"போனேன்னா? கடல் மேல எப்படிய்யா ஓட்டுன?"

"இடப்பக்கம் ஒதுங்கித்தான் ஐயா ஓட்டினனான்" என்று மார்க்கண்டு பதறிப்போய் லைசென்ஸை எடுத்து நீட்டினார். "நடுவில கொஞ்சம் மேடு பள்ளம். மற்றபடி றோட்டுக்குக் குறை சொல்ல ஏலாது."

லைசென்ஸ் சரியாக இருந்தது. அதற்கு மேல் அவரிடம் என்ன கேட்பது என்று தாசில்தாருக்குத் தெரியவில்லை. விடிகாலையில் கடலில் இருந்த மீனவர்களைக் கூப்பிட்டு விசாரித்ததில், ஆமாம், பஸ் பின்னால் வந்து ஹாரன் அடித்தது, சைடு கொடுத்தோம் என்றார்கள். லைட்டை டிம் பண்ணவில்லை என்று ஒருவர் மட்டும் குறைப்பட்டுக்கொண்டார்.

ஆக, பஸ் எப்படி வந்தது என்ற கேள்வி காலைப் பலகாரத்துக்குள் முடிந்துவிட்டது. இவர்களை இறக்கிக்கொள்வதா வேண்டாமா என்பதுதான் ஒன்பது நாள் இழுத்தது. அகதிகளைக் கவனிக்கிற அலுவலகம், இறங்காதவரை அவர்கள் பயணிகள், பயணிகளைப் போக்குவரத்துதான் பார்க்க வேண்டும் என்றது. போக்குவரத்து அலுவலகம், நம் டிக்கெட் வாங்காதவர்கள் எப்படி நம் பயணிகள் ஆவார்கள், இறக்கிவிட்டால் அவர்கள் அகதிகள்தானே என்றது. சரி, இறக்கிவிடலாமா என்று கேட்டால், அகதிகள் என்று முடிவானால் இறக்கலாம் என்று பதில் வந்தது. தாசில்தார் கலெக்டருக்கு எழுதினார், கலெக்டர் சென்னைக்கு எழுதினார், சென்னை டெல்லிக்கு எழுதியது, பஸ் மூன்றாம் பிளாட்பாரத்தில் நின்றது.

"சார், அந்தப் பன்னெண்டு பேரும் நம்ம ஊர்க்காரங்க. அவங்களையாவது விடுங்க" என்று இன்னாசி கெஞ்சினார். "அதுல ஒண்ணு என் சம்சாரம் சார்."

"அத்தாட்சி?"

"ரேஷன் கார்டு இருக்கே."

"அதுல போட்டோ இருக்கா? இல்லைல்ல. அவங்களும் நம்ம மாதிரிதான் இருக்காங்க, நம்ம மாதிரிதான் பேசுறாங்க. ஆள் மாறி ஒருத்தர் இறங்கிட்டா என் வேலை போயிரும்யா." ஏகாம்பரம் கெட்டவர் இல்லை, பென்ஷனுக்கு இரண்டு வருஷம் இருந்தது, அவ்வளவுதான்.

இன்னாசிக்கு இன்னொரு உதறலும் இருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குள் வந்த வண்டியை வெளியே அனுப்புவது டைம் கீப்பரின் விசில். அந்த விசில் சத்தம் கேட்டால் எந்த டிரைவரும் எடுத்துத்தான் ஆக வேண்டும், மார்க்கண்டுவும் இருபது வருஷம் டைம் கீப்பர்களுக்குப் பயந்தே வளர்ந்தவர். திருப்பி அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தால், பிரகாசியையும் சேர்த்து ஐம்பத்து மூன்று பேரைக் குண்டு விழுகிற இடத்துக்குத் தன் வாயாலேயே ஊதி அனுப்ப வேண்டியிருக்கும் என்பதை நினைத்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஊருக்கு ஒரு பஸ்ஸோடு குடும்பம் நடத்தப் பழகுவதற்கு இரண்டு நாள்கூட ஆகவில்லை. கால்தான் தரையில் படக் கூடாது, கையும் தலையும் வெளியே வரலாம் என்று தாசில்தார் விளக்கம் கொடுத்திருந்தார், அதனால் வலப்பக்க ஜன்னல்களில் இட்லியும் இடப்பக்க ஜன்னல்களில் மீன் குழம்பும் ஏறின, நாவிதர் ஸ்டூல் போட்டு நின்று வெளியே நீட்டிய தலைகளுக்கெல்லாம் முடி வெட்டினார், டீச்சர் ஒருத்தி வெளியே நின்றபடி ஜன்னலோரப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தாள், தபால்காரர் 'மூன்றாம் பிளாட்பாரம், கோரைமுனை' என்று வந்த கடிதங்களைக் கம்பி வழியே கொடுத்தார். கழிப்பறைப் பிரச்சினை வந்தபோது, படிக்கட்டிலிருந்து கட்டணக் கழிப்பிடம் வரைக்கும் பள்ளிக்கூட பெஞ்சுகளை வரிசையாகப் போட்டார்கள். அந்தப் பெஞ்சுகளும் பஸ்ஸின் பகுதியே என்று சப்-இன்ஸ்பெக்டர் அறிவித்தார். பெஞ்சு இல்லாமல் தரையில் உட்கார்ந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், பஸ் எப்போது எங்கள் வகுப்புக்குத் திரும்ப வரும் என்று கேட்டார்கள்.

இரண்டு கட்சிகளும் வந்தன. இரத்த சொந்தங்களே வருக என்று ஒரு கட்சி வலப்பக்கம் தட்டி வைத்தது, வருக இரத்த சொந்தங்களே என்று மறு கட்சி இடப்பக்கம் வைத்தது. முதலில் வரவேற்றது யார் என்பதில் கைகலப்பு ஆனது. இறக்கிவிடுங்கள் என்று இரண்டு பேருமே மேலிடத்துக்குச் சொல்லவில்லை, அதை மறந்துவிட்டார்கள்.

எதிர்ப்பு இல்லாமலும் இல்லை. மூன்றாம் பிளாட்பாரம் ராஜகாளி வழக்கமாக நிற்கிற இடம், இப்போது அது புளியமரத்தடியில் நின்று ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. கோட்டைச்சாமி தினமும் டைம் ஆபீஸ் வாசலில் வந்து நின்று சத்தம் போட்டார். "பாவம் பார்க்க வேணாம்னு நான் சொல்லல இன்னாசி. ஒரு பஸ்ஸை விட்டா நாளைக்குப் பத்து பஸ் வரும். நம்மகிட்ட இருக்கிறது அஞ்சு பிளாட்பாரம். நமக்கே ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் குழாயில தண்ணி. இவுக குளிச்சா நாம எதுல குளிக்கிறது?"

அது பொய்யும் இல்லை. குழாயடியில் பெண்கள் அதைக் கேட்டுவிட்டுக் குடங்களைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். பஸ்ஸுக்குள்ளும் அவர் பேச்சு கேட்டது. அன்றைக்குச் சாயங்காலம் பிரகாசி ஜன்னல் வழியாக இரண்டாவது குடத்தை வாங்கக் கை நீட்டியபோது, தங்கரத்தினம் அந்தக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள். "ஒண்டு காணும், பிள்ளை, போதும். ஊர்ச் சனத்துக்கும் தண்ணி வேணும்." பிரகாசிக்கு வெட்கத்தில் முகம் சுண்டிப்போயிற்று. மாப்பிள்ளை வேலாயுதம் மாமனார் பக்கமே திரும்பாமல் சீட்டில் குனிந்து உட்கார்ந்துகொண்டான்.

இன்னாசி தினமும் நாலு தடவை மனைவியின் ஜன்னலுக்குப் போனார். வீட்டில் இருந்தவரைக்கும் அவர்கள் பேசியதெல்லாம் மணிக்கணக்குதான், பன்னிரண்டு பத்துக்குச் சோறு, நாலே காலுக்குக் காபி. இப்போது அவர் கீழே நின்று அண்ணாந்து பார்க்க, அவள் பட்டுச்சேலையோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு பேச, அந்த ஒன்பது நாளில் பேசியது இருபத்திரண்டு வருஷத்தில் பேசாத பேச்சு.

"இந்தத் தங்கரத்தினக்கா இருக்காகள்ல, காலையில அடுப்புல உலை வச்சுட்டு உப்பு வாங்க வந்தாகளாம். தூக்கத்துல எந்திரிச்சு, உலை கொதிக்குது, உலை கொதிக்குதுங்குறாக. அந்த வீடே இல்லைங்க. வீடு இருந்த தெருவே இல்லையாம். நான் என்ன சொல்ல? அடுப்பை அணைச்சுட்டேன்க்கா, தூங்குங்கன்னு சொல்றேன். தூங்கிருறாக."

இன்னாசி, "நீ சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

ஒன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை, மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. வந்த வாகனம் வந்த வழியே மாலை நான்கு மணிக்குத் திருப்பி அனுப்பப்பட வேண்டும், அதற்கு முன் நம் நாட்டவர் அடையாளம் காணப்பட்டு இறக்கப்பட வேண்டும், ஊர் முகங்களை எல்லாம் அறிந்தவர் என்பதால் டைம் கீப்பரே அடையாளம் காட்ட வேண்டும், அடையாளம் காட்டப்பட்டவர் அதை ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும்.

மூன்றரைக்கு ஊரே பஸ் ஸ்டாண்டில் கூடிவிட்டது. தாசில்தார் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இன்னாசி விறுவிறுவென்று போய் மூன்றாவது ஜன்னலுக்குக் கீழே நின்றார்.

"இது என் சம்சாரம் பிரகாசி, சார்."

"ஏம்மா, நீங்க இவரு சம்சாரமா?"

பிரகாசி புருஷனை மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னாள்:

"இவரை ஆரெண்டே எனக்குத் தெரியாது. நான் அங்கிட்டு இருந்து வாறன்."

"அங்கயிருந்து எண்டு சொல்லும்" என்று தங்கரத்தினம் கம்மிய குரலில் திருத்தினாள். சொல்லிவிட்டுத்தான் இவள் என்ன காரியம் செய்கிறாள் என்று அவளுக்குப் புரிந்தது. "ஐயோ, விசர்ப் பிள்ளை, இறங்கிப் போம்!" என்று பிரகாசியின் தோளைப் பிடித்துத் தள்ளினாள். பிரகாசி கம்பியை விடவில்லை.

"அங்கயிருந்து வாறன்" என்றாள் மறுபடியும், சத்தமாக.

இன்னாசி தாசில்தார் பக்கம் திரும்பினார். "சார், பொய் சொல்றா சார். இவ போட்டிருக்கிற வளையல் நான் வாங்கிக்குடுத்தது. இவளுக்கு முழங்கால் வலி, சார்!"

"அந்தாளைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்கோ, பயமாக் கிடக்கு" என்றாள் பிரகாசி. கண்ணில் மட்டும் தண்ணீர் நின்றது.

அடுத்து வேலாயுதத்தைக் கேட்டார்கள். அவன் கோட்டைச்சாமியைக் கைகாட்டி, அந்த மீசைக்காரரைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று சொன்னான், சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு சந்தோஷமும் தெரிந்தது. அப்புறம் முருங்கைக்காய்க்காரர், குடைக்காரர், ஒற்றைச் செருப்போடு இருந்தவர் என்று பன்னிரண்டு பேரும் ஒருத்தர் விடாமல் அக்கரைக்காரர்கள் ஆகிவிட்டார்கள். ஒன்பது நாளாக வண்டியை அனுப்பு அனுப்பு என்று நின்ற கோட்டைச்சாமி, "அனுப்பினீங்கன்னா டயருக்கு அடியில படுத்துருவேன், என் மக எனக்குச் சோறு போட மாட்டா!" என்று அலறினார்.

தாசில்தார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிரகாசி வீட்டு மீன் குழம்பை எத்தனையோ தடவை சாப்பிட்டவர்தான் அவரும். ஆனால் கையில் இருந்த தாளில் ஒப்புக்கொண்டு கையெழுத்து என்று இருந்தது. "மணி நாலாச்சு டைம் கீப்பரே. விசில் அடிங்க" என்றார், அவர் பக்கம் பார்க்காமல்.

மார்க்கண்டு வண்டியை ஸ்டார்ட் செய்தார். சைலன்சரிலிருந்து கொஞ்சம் உப்புத் தண்ணீர் தெறித்தது, பிறகு புகை வந்தது. இன்னாசி விசிலை வாயில் வைத்தார். பல்லில் பட்டு அது கடகடவென்று ஆடியது. மூன்றாவது ஜன்னலைப் பார்த்தார், அங்கே அவருடைய மனைவி இன்னொருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, நேரே முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஊதினால் போய்விடுவாள், ஊதாவிட்டால் அவருக்குப் பதில் வேறு யாராவது வந்து ஊதுவார்கள்.

விசிலை வாயிலிருந்து எடுத்தார். நோட்டைப் பிரித்தார். புறப்பட்ட நேரம் என்ற கட்டத்தில் கொட்டை எழுத்தில் 'ட்ரிப் கட்' என்று எழுதினார்.

பஸ் ஊழியர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். நடை ரத்தானால் டிரைவர் சாவியை ஒப்படைக்க வேண்டும், பயணிகளை இறக்கிவிட வேண்டும், மேற்கொண்டு அவர்களுக்கு வழி பண்ணுவது அந்த பஸ் ஸ்டாண்டின் பொறுப்பு. டைம் கீப்பர் ரத்து செய்த நடையை மந்திரி வந்தாலும் ஓட்டச் சொல்ல முடியாது. மார்க்கண்டு பழக்கதோஷத்தில் எஞ்சினை நிறுத்தியேவிட்டார்.

"காரணம் எழுதணுமேய்யா" என்றார் தாசில்தார்.

இன்னாசி எழுதினார்: எதிரே ரோடு இல்லை.

"வரேக்க இருந்ததே ஐயா" என்றார் மார்க்கண்டு. பொய்க் கணக்கு எழுதிப் பழகாத மனுஷர்.

"வர்றப்ப இருந்திருக்கும்ணே. போறதுக்கு இல்லை."

தாசில்தார் அதை இரண்டு தடவை படித்தார். போக்குவரத்துக் காரணத்தால் நடை ரத்து, விதிப்படி பயணிகள் இறக்கப்பட்டனர், இதில் எனக்குச் சம்பந்தம் இல்லை என்று அங்கேயே ஒரு கடிதம் எழுதி முடித்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து சிறுபிள்ளை மாதிரி சிரித்தார். இன்னாசி படிக்கட்டுக்குப் போய், "இறங்குங்க, எல்லாரும் இறங்குங்க, பார்த்து" என்றார். ஒன்பது நாள் கேஸுக்குப் பயந்த கால்கள், கடைசிப் படியில் வந்து நின்று தரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு மேலே போயின, மறுபடி வந்தன. தங்கரத்தினம்தான் முதலில் இறங்கினாள், இறங்கிய இடத்திலேயே உட்கார்ந்து சத்தமாக அழுதாள். குழாயடிப் பெண்கள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள்.

ஊருக்கு வடக்கே முகாம் போட்டார்கள். பஸ்ஸில் ஒப்புக்கொண்டபடியே பெயர்ப் பட்டியலும் தயாரானது, ஆகவே பிரகாசியும் வேலாயுதமும் மற்றப் பத்துப் பேரும் அதில் அக்கரைக்காரர்கள்தான். இன்னாசி தன் மனைவியைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது, மாதாமாதம் முதல் திங்கட்கிழமை அவள் முகாமுக்குப் போய் வரிசையில் நின்று ஆஜர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. ஒரு வருஷம் போனது, இரண்டு வருஷம் போனது. பதினொரு மணி வெயிலில் முழங்கால் வலியோடு அவள் நிற்பதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை.

"புதுத் தாசில்தார்கிட்ட பேசிட்டேன் பிரகாசி" என்று ஒரு திங்கட்கிழமை வரிசைக்கே வந்து சொன்னார். "தப்பாப் பதிவாயிருச்சுன்னு ஒரு மனு குடுத்தா போதுமாம். இன்னைக்கே உன் பேரை அடிச்சுருவாங்க."

பிரகாசி முன்னால் நின்ற தங்கரத்தினத்தின் முந்தானையைச் சரிசெய்துவிட்டுத் திரும்பினாள்.

"வேணாங்க. எங்க பன்னெண்டு பேரை அடிச்சாகன்னா, பேரை அடிக்கிறதுக்கு அவுகளுக்குக் கை பழகிப்போகும்."

வரிசை ஓர் அடி நகர்ந்தது. இன்னாசி குடையை விரித்து அவர்கள் இருவருக்கும் சேர்த்துப் பிடித்தபடி கூடவே நகர்ந்தார்.